காவடி ஆடியவர் கொடுத்த இரத்தம்

ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் யார் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் சுகந்தினிக்கு வாசலிலேயே வரவேற்பு உண்டு. "ஓடுங்கோ, ஓடுங்கோ, இரத்தக் காட்டேரி வாறா!" என்று யாராவது கத்துவார். கூட்டம் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கண் மட்டும் புதுமுகம் எவர் என்று துழாவிக்கொண்டிருக்கும். கேக் வெட்டி முடிவதற்குள் அந்த அப்பாவியின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, அம்பது கிலோ தாண்டுவீரோ? எப்பவாவது இரத்தம் குடுத்திருக்கிறீரோ?" என்று தொடங்கிவிடுவாள்.

இரத்தம் சேகரிக்கும் நிலையம் ஒன்றில் அவள் தாதி. பள்ளிப் பருவத்தில் பெற்றோருடன் அகதியாக ஆக்லாந்து வந்து, பின்னேரங்களில் த்ரீ கிங்ஸ் சுப்பர்மார்க்கெட்டில் டின் அடுக்கிக்கொண்டே தாதிப் படிப்பை முடித்தவள். வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்கின் நுனியில். "உன்னோட கதைச்சு வெல்ல ஏலாதடி" என்று கணவன் ஜனார்த்தன் கல்யாணமான புதிதிலேயே கையைத் தூக்கிவிட்டான்.

நம் சனத்திடம் இரத்தம் கேட்பது இருக்கிறதே, அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஒருவருக்கு சுகர். ஒருவருக்கு பிரஷர். ஒருவரை மனைவி விடமாட்டாளாம். அந்த மனைவியைப் பிடித்துக் கேட்டால், அவருக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும் என்பாள். கோயிலில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை மூட்டையாகக் கொடுக்கிற கைகள், ஒரு பை இரத்தம் என்றதும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சுகந்தினி விடவில்லை. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, சிலரைக் கெஞ்சி, சிலரைத் திட்டி, ஒன்றிரண்டு பேரைத்தான் இழுத்துவர முடிந்தது.

அப்படிப்பட்டவளிடம் கேதீஸ்வரன் தானாக வந்து நின்றபோது எப்படியிருந்திருக்கும்! பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கோயிலில் தேர்வடம் பிடிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை அவர் இல்லாமல் எதுவும் நடக்காது. போன வருடம் அவருடைய மனைவி சற்குணத்துக்கு மூன்றாவது பிள்ளைப்பேற்றில் இரத்தம் நிற்கவில்லை. பை மேல் பையாக ஏற்றினார்கள். வெளியே தாழ்வாரத்தில் நின்றபடி அவர் முருகனுக்கு நேர்த்தி வைத்தார், இவள் பிழைத்தால் செடில் குத்திக் காவடி எடுக்கிறேன் என்று. முதுகுத் தோலில் கொக்கிகளை மாட்டி, அவற்றில் கயிறு கட்டி, பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க ஆடுகிற காவடி அது. சற்குணம் பிழைத்தாள். இந்த வருடத் திருவிழாவில் அவர் நேர்த்தியை நிறைவேற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமையே சுகந்தினியைக் கோயில் வாசலில் மறித்தார்.

"பிள்ளை, சாமிக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்திட்டன். சற்குணத்துக்கு இரத்தம் தந்தது முகம் தெரியாத சனம். அதுகளுக்கும் குடுக்கத்தானே வேணும். நான் வாறன். தனிய வரமாட்டன், பெடியளையும் கொண்டு வாறன்."

சொன்னபடி, அடுத்து வந்த சனிக்கிழமை, த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த முகாமுக்கு வேன் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். சுகந்தினிக்குத் தலைகால் புரியவில்லை. பிஸ்கட் பெட்டியைத் திறப்பதும், சோடா போத்தலை நீட்டுவதும், "தண்ணி குடிச்சனீங்களோ, வடிவாச் சாப்பிட்டனீங்களோ" என்று விசாரிப்பதுமாகக் கல்யாண வீட்டுப் பெண்ணின் தாய் மாதிரி ஓடித் திரிந்தாள்.

கேதீஸ்வரனை அவளே தடுப்புக்குள் அழைத்துப்போய்க் கேள்வி கேட்டாள். பெருவிரலில் குத்தி இரும்புச் சத்துப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். எல்லாம் கச்சிதம். இரத்த வகை ஓ நெகட்டிவ் என்று அவர் சொன்னதும் அவளுக்குக் கூடுதல் சந்தோஷம். நம்மவரில் அபூர்வமான வகை. யாருக்கும் ஏற்றலாம் என்பதால் அவசரத்துக்கு முதலில் ஓடுவது அதுதான். கணினித் திரையில் இருந்த கேள்விகளை வழக்கம்போல் கேட்டுக்கொண்டே போனாள். வெளிநாடு போனீர்களா? இல்லை. மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? இல்லை. கடந்த மூன்று மாதத்துக்குள் பச்சை குத்தினீர்களா, உடம்பில் எங்காவது துளை போட்டீர்களா?

"சீச்சீ, இந்த வயசிலயோ? அதெல்லாம் இல்லைப் பிள்ளை" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். இல்லை என்பதைத் தட்டினாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலைத் தேநீர் இடைவேளை. அவளோடு வேலை செய்யும் லக்ஷ்மிப்ரியா மதுரைக்காரி. விசாவில் வந்து நிரந்தரமானவள். சம்சாவைப் பிய்த்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அக்கா, சனிக்கிழமை உங்க கோயில் கும்பல்ல ஒரு பையனைத் திருப்பி அனுப்பிட்டேன். வெற்றின்னு பேரு, ஐ.டி.ல இருக்கானாம். பாவம், முகமே செத்துப் போச்சு."

"ஏன், என்னவாம்?"

"திருவிழாவுல கன்னத்துல அலகு குத்தியிருக்கான். கேள்வி கேட்டதும் அவனே சொல்லிட்டான். மூணு மாசம் கழிச்சு வாடான்னு அனுப்பிட்டேன். நல்ல பையன்."

சுகந்தினி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

அலகு. செடில். கேதீஸ்வரன் அண்ணை.

அவள் அந்தத் திருவிழாவில் இல்லாமலா போனாள்? கேதீஸ்வரனுக்கு முன்னால் திருநீற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்ததே அவள்தான்! அவர் ஆட ஆட, கயிறு விறைக்க விறைக்க, கண்ணீர் வழிய அரோகரா சொன்னவள் அவள். செடில் குத்துகிற குணரத்தினம் கொக்கிகளைச் செம்பில் இருந்த தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் முக்கி எடுத்ததைக்கூடப் பார்த்தாள். ஆடி முடித்த ஒருவர் முதுகில் இருந்து கழன்ற கொக்கி அந்தச் செம்புக்குள் விழுந்து, எழும்பி, அடுத்த முதுகுக்குப் போனதைப் பார்த்தாள். தினமும் ஊசிகளை உறை பிரித்து, ஒரு தரம் குத்தி, பெட்டிக்குள் எறிகிறவள்! அது ஊசி, இது சாமி. இரண்டும் ஒரே தோலைத்தான் குத்துகின்றன என்று அந்த மண்டைக்குள் ஏறவேயில்லை. அவருக்கும் ஏறவில்லை, அவளுக்கும் ஏறவில்லை. காதில் தோடு குத்துவதும் கையில் பச்சை குத்துவதும்தான் துளை. நேர்த்தி எப்படித் துளையாகும்?

"மொக்கு, மொக்கு" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தாள். லக்ஷ்மிப்ரியா பயந்துபோய், "என்னக்கா ஆச்சு?" என்றாள்.

"ஒருத்தரை விட்டிட்டன் பிரியா. நானே கேட்டு, நானே விட்டிட்டன்."

நேரே போய் மேற்பார்வையாளர் உஷாவின் அறைக் கதவைத் தட்டினாள். உஷா பிஜியில் பிறந்தவள். பெயரைத் தவிரத் தமிழ் தெரியாது. சுகந்தினி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கொக்கிகள், செம்பு, ஒருவருக்குப் பின் ஒருவர், தான் தட்டைப் பிடித்தது, தான் "இல்லை" என்று பதிந்தது. வேலை போனாலும் போகட்டும் என்ற முடிவோடுதான் சொன்னாள். உஷா திட்டவில்லை. முதலில் பை எங்கே என்று பார்ப்போம், மற்றதைப் பிறகு பேசுவோம் என்று கணினிப் பக்கம் திரும்பினாள்.

கொடுத்த இரத்தத்தைச் சோதிக்காமல் யாரும் அனுப்புவதில்லை. கேதீஸ்வரனின் பையும் ஞாயிறன்று எல்லாச் சோதனையும் தேறியிருந்தது. ஆனால் கிருமி புதிதாகப் புகுந்திருந்தால் முதல் சில நாட்கள் எந்த இயந்திரத்தின் கண்ணிலும் படாது. அந்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் ஆளை உட்காரவைத்து வாயால் கேட்கிற கேள்வி. அந்தக் கேள்வியும் கோட்டைவிட்டால் நோயாளிக்கு வேறு காவல் கிடையாது. இது சுகந்தினிக்குத் தெரியும். புதிதாக வருகிற தாதிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

உஷா திரையைப் பார்த்தாள். பை அன்று காலையே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

அவள் ஆஸ்பத்திரி இரத்த வங்கியைத் தொலைபேசியில் பிடித்தாள். அங்கே இருந்தவர் இலக்கத்தை எழுதிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். பாட்டு ஒன்று ஓடத் தொடங்கியது. சுகந்தினி நின்றபடியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு நின்றது. பை குளிர்பெட்டியில் இல்லை, சற்று முன்தான் பிள்ளைப்பேற்றுப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றது குரல்.

பிள்ளைப்பேற்றுப் பிரிவு! அவள் கண்ணுக்கு முன்னால் சற்குணத்தின் வெளிறிய முகம் வந்து நின்றது. யாரோ ஒருத்தி. எந்த ஊர்க்காரியோ, எந்த மொழிக்காரியோ. வெளியே தாழ்வாரத்தில் அவளுக்காகவும் ஒருவன் நின்று எதையோ வேண்டிக்கொண்டிருப்பான்.

"பிரிவுக்கு நேரே எடுங்கோ, இப்பவே எடுங்கோ" என்று உஷாவிடம் தமிழிலேயே கத்தினாள். மொழி தெரியாவிட்டாலும் உஷாவுக்கு அது விளங்காமல் இல்லை. அவள் ஏற்கெனவே தன் கைபேசியில் அந்தப் பிரிவுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்து, கொஞ்சம் பொறுங்கள் என்று வைத்துவிட்டு ஓடினார்கள். திறந்து கிடந்த தொலைபேசி வழியாகக் காலடிச் சத்தமும், ஏதோ இயந்திரம் கீச்சிடுவதும், ஒரு பெண்ணின் அரற்றலும் கேட்டன. சுகந்தினி வாழ்க்கையில் அப்படி முருகனைக் கூப்பிட்டதில்லை. அப்பனே, நான் பிடித்த தட்டுக்கு இதுவா கூலி? அந்தப் பெண்ணை விட்டுவிடு.

மூச்சிரைக்க ஒரு குரல் திரும்பி வந்தது. முதல் பை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இலக்கம் இரண்டாவது. குழாயில் மாட்டுவதற்குக் கையில் எடுத்திருந்தோம். மாட்டவில்லை. நிறுத்திவிட்டோம், வேறு பை கேட்டிருக்கிறோம்.

சுகந்தினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. உஷா ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைக் கேட்டாள். வேறு யார் யாருக்கு அந்தக் கொக்கி குத்தப்பட்டது? அவர்களில் எவரெவர் சனிக்கிழமை வந்தார்கள்?

சுகந்தினிக்குப் பதில் தெரியவில்லை. கொக்கி குத்துவதெல்லாம் கோயிலின் பின்னறையில், ஆண்கள் மட்டும். கேதீஸ்வரனுக்கு மட்டும்தான், சொந்தக்காரர் போல, அவளை உள்ளே விட்டார்கள். அவருக்கு முன்னால் சிலருக்கு முடிந்திருந்தது. எல்லாரும் திருநீறு பூசி, தலைப்பாகை கட்டி, அடையாளமே தெரியாமல் நின்றார்கள். பெயர் தெரியாவிட்டால் வேனில் வந்த எல்லாருடைய பைகளையும் நிறுத்தவேண்டும் என்றாள் உஷா. நிறுத்தலாம், ஆனால் சில பைகள் வேறு வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டன, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டும். எதை முதலில் துரத்துவது என்றாவது தெரிந்தால் நல்லது.

கேதீஸ்வரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று கத்துவது கேட்டது.

"அண்ணை, செடில் குத்தினதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"உமக்கேன் பிள்ளை சொல்ல வேணும்? நீர் தானே முன்னுக்கு நிண்டனீர்!"

சரியான அடி. சுகந்தினி சொன்னாள்: "ஓம் அண்ணை, நான் தான் நிண்டனான். பிழை என்ர தான். அந்த இரத்தத்தை நிப்பாட்டிப் போட்டம். இப்ப மற்றவையின்ர பேர் வேணும்."

"நிப்பாட்டினதோ? ஏன்? என்ர இரத்தத்தில என்ன குறை?" அவர் குரல் ஏறியது. "முருகனுக்குக் குத்தினது எப்படிப் பிள்ளை அசுத்தமாகும்? ஒரு சொட்டு இரத்தம் வந்ததோ? நீர் பாத்தனீர் தானே!"

"அண்ணை, அந்தக் கொக்கி உங்களுக்கு முதல் ஆரின்ர முதுகில இருந்தது?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டன். இதை வெள்ளைக்காரனுக்குச் சொன்னா, கவுன்சில்காரன் வந்து கோயிலைப் பூட்டுவான். குணரத்தினம் அண்ணையைக் கோட்டுக்கு இழுப்பினம். பெடியள் சிலபேர் விசாவில நிக்கிறாங்கள். நான் சொன்னனான் எண்டு ஆரும் நாளைக்கு என்னைக் காறித் துப்பக் கூடாது." தொலைபேசியை வைத்துவிட்டார்.

சுகந்தினி மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. "நீங்க போய்ப் பாக்கலாம்ல அக்கா?" என்றாள் லக்ஷ்மிப்ரியா. ஆனால் கிளம்ப வேண்டியிருக்கவில்லை. அவள் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமல், முகம் சிவக்க, கேதீஸ்வரன் நிலையத்துக்குள் வந்து நின்றார். சண்டை பிடிக்க வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்ர இரத்தத்தை எறியப்போறீங்களோ? நான் எவ்வளவு ஆசையாத் தந்தனான் தெரியுமோ?"

"வாங்கோ அண்ணை, இருங்கோ."

"இருக்கிறது கிடக்கட்டும். ஆருக்குப் போக இருந்தது அது?"

"அதைச் சொல்லக் கூடாது அண்ணை."

"சொல்லும் பிள்ளை."

அவள் சொல்லவில்லை. நோயாளியைப் பற்றி ஒரு சொல் வாயில் இருந்து வரக்கூடாது, அது சட்டம். ஆனால் அவள் முகத்தை என்ன செய்வது? காலையில் இருந்து அழுது வீங்கிய முகம். கேதீஸ்வரன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இப்படி ஒரு முகத்தைப் பார்த்த ஞாபகம் உண்டு. போன வருடம், அந்தத் தாழ்வாரத்தில், கதவைத் திறந்துகொண்டு ஓடிய தாதிகள் எல்லாருக்கும் இதே முகம்தான்.

"பிள்ளைப்பேறோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுகந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் முழங்காலில் இருந்தன. "சற்குணத்துக்குத் தந்தவனும்..." என்று தொடங்கி நிறுத்தினார். "அவனும் இப்படித் தெரியாத்தனமா இல்லை எண்டு சொல்லியிருந்தா? சொல்லும். என்ர மூண்டு பிள்ளையளுக்கும் என்ன கதி?"

"அவை அப்படிச் சொல்லேல்ல அண்ணை. உண்மையைச் சொன்னவை. அதாலதான் சற்குணம் அக்கா உயிரோட வீட்டில இருக்கிறா."

கேதீஸ்வரன் மேலங்கிப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். குணரத்தினத்தின் எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார். குணரத்தினம் வயதில் மூத்தவர், கோயிலில் எல்லாருக்கும் பெரியவர். கேதீஸ்வரன் அவருக்கு எதிரில் கதிரையில்கூட உட்கார்ந்ததில்லை.

"அண்ணை, திருவிழாவில ஆர் ஆருக்குச் செடில் குத்தினனீங்கள்? வரிசையாச் சொல்லுங்கோ."

"ஏன் ராசா, இப்ப என்ன அவசரம்? ஆர் கேக்கினம்?"

"நான் கேக்கிறன்."

"பக்கத்தில ஆர்? அந்த நேர்ஸ் பெட்டையோ? உதெல்லாம் கோயில் விசயம், வெளியில கதைக்கிற கதையில்லை. போனை வை."

கேதீஸ்வரன் மேசையில் ஓங்கிக் குத்தினார். உஷா கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, வாயைத் திறவுங்கோ! கோயிலைப் பூட்டினாப் பூட்டட்டும், நான் போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கிறன். அங்கை ஒருத்தி பிள்ளை பெத்துப்போட்டு இரத்தத்துக்குக் கிடக்கிறாள். என்ர இரத்தம் அவளுக்குப் போகப் பாத்தது. சற்குணம் கிடந்த கிடை உங்களுக்குத் தெரியும் தானே? நீங்களும் தானே வந்து பாத்தனீங்கள்! சொல்லுங்கோ அண்ணை, உங்கட காலைப் பிடிக்கிறன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. கிழவரின் குரல் திடீரென்று ஒடுங்கிப்போயிருந்தது.

"முதல்ல ஜெயரட்ணத்துக்கு. அவன் சனிக்கிழமை வரேல்ல, வேலை." கொஞ்சம் நின்று, "பிறகு எங்கட ராகேஷ். அதுக்குப் பிறகுதான் உனக்கு, நீதான் கடைசி" என்றார்.

சுகந்தினியின் பேனா நின்றுவிட்டது.

ராகேஷ் சனிக்கிழமை கேதீஸ்வரனின் வேனில் வந்தவன். அவளுடைய தடுப்புக்குள் வந்து உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனவன். "கெட்டிக்காரப் பெடியன்" என்று முதுகில் தட்டிக்கூட அனுப்பினாள். தட்டியபோது அவன் கொஞ்சம் நெளிந்தான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். அவனுடைய இல்லையையும் பதிந்தது அவள் கைதான். அந்தப் பை இப்போது எங்கே, யாருடைய கட்டிலுக்குப் பக்கத்தில்?

எழுந்தவளின் கண் மறுபடி வழிந்தது. கேதீஸ்வரன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நிண்டு அழாதை பிள்ளை. பிறகு ரெண்டு பேருமா இருந்து அழுவம். ஓடு."

சுகந்தினி உஷாவின் அறைக்கு ஓடினாள்.